சாதுக் காமாலை

இருசம்மாளிடம் மருந்து குடித்துக் காமாலை இறங்காத ஆள் கடலூர் வட்டாரத்திலேயே கிடையாது என்று சோனாங்குப்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டது அவள் புருஷன் சடையப்பனாகத்தான் இருக்கும். அந்த மனுஷனுக்குக் கடலில் வலை வீசுவதைவிடக் கரையில் உட்கார்ந்து பெண்டாட்டி பெருமை பேசுவதில் ருசி ஜாஸ்தி. ஆனாலும் முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் உப்பனாற்றுத் தோணியில் பாதிப் பேர் மஞ்சள் கண்ணோடு வந்து இறங்குவார்கள். செம்மண்டலத்துக் குமாஸ்தா வருவார், திட்டக்குடிப் பக்கத்துச் சம்சாரி வருவார். பெரிய மனுஷன், சின்ன மனுஷன் என்ற வித்தியாசமெல்லாம் அவளிடம் இல்லை. எல்லாருக்கும் வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்த மோர், எல்லாருக்கும் உப்பில்லாத பத்தியம், எல்லாருக்கும் கை கழுவல்.

கை கழுவல்தான் அவள் வைத்தியத்துக்கு உயிர். மாம்பட்டை ஊறிய தண்ணீரை நோயாளியே முழங்கையிலிருந்து விரல் நுனிவரை தேய்த்துக்கொள்ள வேண்டும். பிறகு தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் இருக்கிற பேசினில் இரண்டு கையையும் விட்டு அலச வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் மஞ்சளாகும். உடம்பில் இருக்கிற காமாலை கை வழியாக இறங்குகிறது என்று அர்த்தம். அதைக் கண்ணால் பார்த்த பிறகு எந்த நோயாளிக்குத்தான் தெம்பு வராது?

இதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. காமாலை இல்லாதவர்கள் விளையாட்டுக்குக்கூட அப்படிக் கை கழுவக் கூடாது. கழுவினால் அடுத்தவருடைய காமாலை வந்து ஒட்டிக்கொள்ளும். மருந்து கொடுக்கிறவளுக்கும் அதே சட்டம்தான். இருசம்மாளின் மாமியார் சாகக் கிடந்தபோது இவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போன சட்டம் அது. அதனால் மாம்பட்டை இடித்த கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் அவள் சுண்ணாம்புப் பானைப் பக்கமே போக மாட்டாள். அந்த வீட்டில் இத்தனை வருஷமாக நல்ல உடம்புக்காரர் ஒருவரும் அந்தத் தண்ணீரில் கை நனைத்தது கிடையாது.

அவளுக்குத் தெரிந்த காமாலை இரண்டே வகை. ஒன்று போக்கிரிக் காமாலை. காய்ச்சலோடு வரும், குடலைப் பிடுங்குகிற மாதிரி வாந்தி வரும், விலாவுக்குக் கீழே வலி எடுக்கும், ஆளைப் பாயில் போட்டுப் புரட்டும். இன்னொன்று சாதுக் காமாலை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சத்தம் போடாமல் வந்து கண்ணில் உட்கார்ந்துகொள்ளும். எப்போதாவதுதான் வரும். அப்படி ஒருவர் வந்துவிட்டால் இருசம்மாளுக்கு முகம் மலர்ந்துவிடும். 'ஒங்களுக்கு ஒண்ணும் பயமில்ல, இது சாது' என்று சொல்லி அனுப்புவாள். அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் பாதி குணமானவர்கள் மாதிரி நடந்து போவார்கள்.

அவள் தம்பி பூவராகனுக்கு வந்ததும் சாதுக் காமாலைதான்.

தம்பி என்று பேருக்குத்தான் சொல்வது. தாயும் தகப்பனும் போன பிறகு மீன் கூடை சுமந்து அவனை வளர்த்தவள் இருசம்மாள். கூடையை மஞ்சக்குப்பம் வரைக்கும் தலையில் வைத்து நடந்து, அவனை எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிக்க வைத்தாள். அந்தக் குப்பத்திலிருந்து சட்டை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போன முதல் ஆள் அவன். சிதம்பரத்தில் யூனிவர்சிட்டி ஆபீசில் கிளார்க் வேலை, கையில் வாட்ச், பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து எட்டாவது படித்த பெண்டாட்டி லோகநாயகி. அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இருசம்மாளும் சடையப்பனுக்குச் சளைத்தவள் இல்லை.

அறுபத்தஞ்சாம் வருஷம் இந்தி எதிர்ப்புக் கலவரத்தில் காலேஜை மூடியிருந்தபோது அவன் கடலூருக்கு வந்திருந்தான். கொடுவா மீன் குழம்பு வைத்து, நடுத்துண்டாகப் பார்த்து அவன் தட்டில் போட்டாள் இருசம்மாள். அவன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினான்.

"வேணாங்க்கா. வாட புடிக்கல."

"என்னாடா இது. கடக்கரையில பொறந்துட்டு மீன் வாட புடிக்கலங்கற? சிதம்பரத்துக்குப் போயி சைவமாயிட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும்தான் சிரித்தான். சிரிக்கும்போது கன்னத்து எலும்பு தெரிந்தது. வாட்ச் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைப் பக்கம் வழுக்கிப் போனது. 'ஆபீசு வேல, ஒடம்பு எளைக்கத்தானே செய்யும்' என்று சடையப்பன் அதற்கும் ஒரு பெருமை கண்டுபிடித்தான். எடுத்து ஆராய வேண்டிய விஷயம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மாசி மகம் முடிந்த வாரத்தில் லோகநாயகி அவனை அழைத்துக்கொண்டு வந்தாள். அவன் கண்ணைப் பார்த்ததும் இருசம்மாளுக்குச் சொரேர் என்றது. எலுமிச்சம்பழத் தோல் மாதிரி மஞ்சள்.

"வலிக்குதாடா?"

"இல்லக்கா."

"காச்ச அடிச்சுதா? வாந்தி?"

"ஒண்ணுமில்ல. அரிப்புதான். ஒடம்பெல்லாம் பிடுங்குது."

இருசம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தாள் என்றால் நிஜமாகவே சிரித்தாள், பாரம் இறங்கின சிரிப்பு. "சாதுடா இது. இதுக்கா மொகத்த இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தீங்க ரெண்டு பேரும்?"

லோகநாயகி சிரிக்கவில்லை. "அண்ணி, எங்க ஊர்ல மேல வீதியில தேவசகாயம்னு ஒரு டாக்டர் இருக்காரு. அவர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு அப்பறமா ஒங்க மருந்த..."

"காட்டிட்டு? காமாலக்காரனுக்கு ஊசி போட்டா காமால ஈரலுக்குள்ள எறங்கிடும், தெரியுமா ஒனக்கு? இங்கிலீசு மருந்து குடிச்சுட்டு கடைசியில எங்கிட்ட தூக்கிட்டு வந்தவங்கள நான் பாத்திருக்கேன். புருஷன் வேணும்னா பேசாம இரு, நாயகி."

லோகநாயகி பேசாமல் இருந்தாள். பூவராகனும் அக்கா பக்கம்தான். ஆபீசில் பத்துப் பேருக்குக் கடிதம் எழுதுகிறவன், அக்காவிடம் வந்தால் அரைக்கால் சட்டைப் பையன். அன்றைக்கே பேசினில் கையை விட்டான். தண்ணீர் மஞ்சளாயிற்று. "பாத்தியா நாயகி, எறங்குது பாரு" என்று பெண்டாட்டிக்குக் காட்டினான்.

அவனைக் கடலூரிலேயே வைத்துக்கொண்டாள் இருசம்மாள். வேறு யாருக்கும் செய்யாத கவனிப்பு. கீழாநெல்லியை வேரோடு தானே பிடுங்கி வந்து, தானே அரைத்து, வாரம் ஒரு தடவை கழுவுகிற கையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கழுவ வைத்தாள். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் அழகாக மஞ்சளாகிக்கொண்டு வந்தது. கண் மட்டும் வெளுக்கவில்லை.

அவன் உடம்பு என்னென்னவோ சொல்லிப் பார்த்தது. இருசம்மாளிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது.

அரிப்பு பொறுக்காமல் சீப்பை எடுத்து முதுகைச் சொறிந்து ரத்தம் வந்தது. காமாலை தோல் வழியாகக் கிளம்புகிறது என்றாள். மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. வெளியே போகிறதே, நல்லதுதானே என்றாள். மலம் வெளுத்துச் சாம்பலைக் கரைத்த மாதிரி போகிறது என்று அவன் கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னான். அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள், அவ்வளவுதான். மஞ்சள் எல்லாம் கை வழியாக இறங்கிவிடுகிறது, அப்புறம் கீழே போக மஞ்சள் ஏது என்று கேட்டாள். அவனுக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆள் தேய்ந்துகொண்டே வந்ததற்குப் பத்தியம் காரணம். உப்பும் எண்ணெயும் இல்லாத கஞ்சியைக் குடிக்கிறவன் குண்டாகவா ஆவான்? பின்னங்கழுத்திலிருந்து இடுப்பு வரை எண்ணெய் தேய்க்க ஆசைப்பட்டான், முதுகுக்குள்ளே ஏதோ குடைகிறது என்றான். பாயில் படுத்துப் பழக்கம் விட்டுப்போச்சு என்றாள்.

பாவி, அவளை என்ன சொல்லித் திட்டுவது? பொய் சொல்லியிருந்தால் திட்டலாம். அவள் சொன்னது அத்தனையும் அவள் நம்பினது. உயிருக்கு உயிரான தம்பிக்கு, கையிலிருந்த நல்ல மருந்தையெல்லாம் கொட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சித்திரை பிறந்ததும் லோகநாயகி வந்து, லீவு தீர்ந்துவிட்டது என்று அவனைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனாள். லீவு ஒரு சாக்கு. தன் கண் பார்வையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு. டாக்டரிடம் மட்டும் அக்கா சொல்லாமல் வர மாட்டேன் என்றுவிட்டான் பூவராகன். இருசம்மாளும் விடவில்லை, வியாழக்கிழமை வியாழக்கிழமை மருந்துச் செம்போடு பாசஞ்சர் ரயிலில் கிளம்பினாள்.

ஒரு வியாழக்கிழமை போனபோது அவன் பாயில் படுத்திருக்கவில்லை. சுவரோரமாகக் குந்தி, தலையணையை வயிற்றில் வைத்து மடக்கி, அதன்மேல் கவிழ்ந்து கிடந்தான். நிமிர்ந்தால் முதுகு பிளக்கிறதாம், கவிழ்ந்தால்தான் மூச்சு வருகிறதாம். பக்கத்தில் தண்ணீர்க் குடம். ஒரு சொம்பு குடித்துவிட்டு வாயைத் துடைப்பதற்குள் அடுத்த சொம்பு.

லோகநாயகி அவளைக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போனாள். மறைப்புத் தட்டிக்குப் பின்னால், அவன் மூத்திரம் போகிற இடத்தில், எறும்பு சாரி சாரியாக மொய்த்துக்கொண்டிருந்தது.

"இது என்னா அண்ணி?" என்றாள் லோகநாயகி. "இதுக்கு என்னா சொல்லப் போறீங்க?"

இருசம்மாள் எறும்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு வாயடைத்துப் போயிற்று. இப்போதாவது டாக்டரிடம் போவோம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வந்தது, கூடவே பயமும் வந்தது. இந்த உடம்பில் ஊசி ஏறினால் அந்த இடத்திலேயே போய்விடுவானே என்ற பயம். அடுத்த வாரம் பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டு ரயிலேறினாள். வழியெல்லாம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எதிர் சீட்டில் இருந்த கிழவர் செத்துப் போனது யார் என்று விசாரித்தார்.

மறுநாள் நல்ல உச்சி வெயில். சடையப்பன் துறைமுகத்துக்குப் போயிருந்தான். இருசம்மாள் கதவைச் சாத்தினாள். பேசினில் சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளிவாக இறுத்து ஊற்றினாள். மாம்பட்டைத் தண்ணீரை எடுத்துத் தன் கையில், முழங்கையிலிருந்து விரல் நுனிவரை, அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டாள்.

ஒட்டிக்கொள்ளட்டும் என்றுதான். சட்டம் அப்படித்தானே சொல்கிறது? காமாலை இல்லாதவர் கை கழுவினால் அடுத்தவருடைய காமாலை இவருக்கு வந்துவிடும். வரட்டும். தம்பிக்கு வயசு முப்பதுகூட நிரம்பவில்லை. தான் வாழ்ந்தது போதும். "என் தம்பிகிட்ட இருக்கறது எங்கிட்ட வந்துரட்டும், எங்கிட்ட வந்துரட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே கையைத் தண்ணீரில் விட்டாள்.

தண்ணீர் மஞ்சளாயிற்று. கொஞ்சநஞ்சமல்ல, அரைத்த மஞ்சளைக் கரைத்த மாதிரி.

அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பேசினைக் கையில் எடுத்துக்கொண்டு, வெயிலில் வைத்துப் பார்த்துப் பார்த்து அழுதாள். வந்துவிட்டது. சாமி கேட்டுவிட்டது. வாசலில் நுழைந்த சடையப்பனிடம் நடந்ததைச் சொன்னாள்.

"பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு? ஆத்தா என்னா சொல்லிட்டுப் போனா?"

"சொன்னதாலதான் செஞ்சேன். அவன் பொழச்சுக்குவான். நீ என்னைத் திட்டாத."

சடையப்பன் தோளில் கிடந்த துண்டை உதறிக் கீழே போட்டான். இருபது வருஷமாக அவளோடு குடித்தனம் செய்தவன். வாய்தான் நீளமே தவிர மனசு குட்டை இல்லை. "ஒனக்கு மட்டும் என்னா தனியா? முழுசா வந்தா நீ தாங்க மாட்ட. பாதிய நான் வாங்கிக்கறேன்" என்றான். அவள் தடுக்கத் தடுக்கக் கேட்காமல் கையில் மாம்பட்டைத் தண்ணீரைத் தேய்த்துக்கொண்டு, புதுசாகச் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிக் கையை விட்டான்.

அதுவும் மஞ்சளாயிற்று. அவள் தண்ணீர் எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு மஞ்சள்.

"பாத்தியா, வந்துடுச்சு" என்று சிரித்தான் சடையப்பன். அன்று காலையில்தான் ஒரு சட்டி பழைய சோற்றை வஞ்சிரக் கருவாட்டோடு முடித்திருந்தான். கல்லுக்குண்டு மாதிரி உடம்பு.

இருசம்மாள் சிரிக்கவில்லை. இரண்டு பேசினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். காமாலைதான் இறங்குகிறது என்றால் நோயாளி உடம்பிலிருந்து இறங்க வேண்டும். இவன் உடம்பில் ஏது? ஒட்டிக்கொள்கிறது என்றால் தண்ணீரிலிருந்து கைக்கு ஏற வேண்டும். அப்படியானால் தண்ணீர் ஏன் மஞ்சளாகிறது? அவள் ஒரு துண்டு மாம்பட்டையை எடுத்தாள். யாருடைய கையிலும் தேய்க்கவில்லை. அப்படியே சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டுக் குச்சியால் கலக்கினாள்.

மஞ்சள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சடையப்பன் என்ன என்னவென்று உலுக்கினான். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. தம்பி அந்தத் தண்ணீரைப் பார்த்துப் பெண்டாட்டியிடம் காட்டிச் சிரித்த முகம்தான் கண்ணில் நின்றது. இறங்குது பாரு, இறங்குது பாரு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பான். ஒரு சொட்டுக்கூட இறங்கியிருக்கவில்லை.

சிதம்பரம் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. ரயிலடியிலிருந்து அவள் ஓடின ஓட்டத்தில் ஒரு கால் செருப்பு எங்கோ கழன்று போயிற்று. வீட்டுக்குள் நுழைந்ததும், "கெளம்பு நாயகி, டாக்டர்கிட்ட போவோம். இப்பவே" என்றாள்.

லோகநாயகி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஜட்கா வண்டி கூப்பிட ஓடினாள். பூவராகனை எழுப்பித் தோளில் சாய்த்துக்கொண்டாள் இருசம்மாள். முழுசாக வளர்ந்த ஆம்பளையின் கனம் அந்த உடம்பில் இல்லை. வயிறு மட்டும் உப்பியிருந்தது. கண்ணில் இருந்த மஞ்சள் இப்போது பச்சையோடிப் போயிருந்தது.

டாக்டர் தேவசகாயம் அமைதியான மனிதர், தலை நரைத்தவர். பூவராகனைப் படுக்க வைத்து, கண் இமையைத் தாழ்த்திப் பார்த்து, வயிற்றை நிதானமாக அழுத்தினார். வலது விலாவுக்குக் கீழே ஓரிடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்.

"இங்க அழுத்தினா வலிக்குதா?"

"இல்ல சார்."

அவர் முகம் வாடியது. இருசம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். வலிக்கவில்லை என்றால் ஏன் இந்த மனுஷன் முகம் வாடுகிறது?

பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. சாப்பாடு எப்போதிலிருந்து பிடிக்கவில்லை, உடம்பு எப்போதிலிருந்து இளைத்தது, மலம் என்ன நிறம், மூத்திரம் என்ன நிறம், அரிப்பு முதலில் வந்ததா மஞ்சள் முதலில் வந்ததா, முதுகுவலி படுத்தால் ஜாஸ்தியா உட்கார்ந்தால் ஜாஸ்தியா, தாகம் எடுக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னது இருசம்மாள்தான். பெண்டாட்டிக்குத் தெரியாததுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள், ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறாள். டாக்டர் மூத்திரத்தைக் குழாயில் மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார். நீலமாக இருந்தது செங்கல் நிறத்துக்கு மாறியது. சர்க்கரை இறங்குகிறது என்றார்.

"மொதல்ல காமால வந்தப்ப வலி, காய்ச்சல் ஏதாவது இருந்துச்சா அம்மா?"

"இல்லீங்க. ஒண்ணுமே இல்லீங்க. சாதுக் காமாலைங்க அது."

"சாதுவா?" டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். "வலியோட காய்ச்சலோட வர்ற காமாலை முக்கால்வாசி தானாவே போயிடும்மா. ரெஸ்ட் எடுத்தா போதும். வலியே இல்லாம, அரிச்சுக்கிட்டு, ஆள எளைக்க வச்சுக்கிட்டு வருது பாருங்க, அதுக்குத்தான் நாங்க பயப்படுவோம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி ஒரு சுரப்பி இருக்கிறது. சாப்பாடு செரிப்பதற்கும் ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருப்பதற்கும் அது வேண்டும். அதன் தலைப்பகுதியில் புற்றுக்கட்டி வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தக் கட்டி பித்தம் வருகிற குழாயை நெருக்கிவிட்டது. பித்தம் குடலுக்குப் போக வழியில்லாமல் ரத்தத்தில் ஏறுகிறது. அதனால்தான் மலம் வெளுப்பு, அதனால்தான் அரிப்பு. ஈரலிலும் முடிச்சு முடிச்சாகக் கைக்குத் தட்டுப்படுகிறது.

"மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தர்றேன். ஆபரேஷன் பண்ணிப் பித்தத்துக்கு வேற வழி விட்டாங்கன்னா அரிப்பு நிக்கும். கொஞ்ச நாள் நிம்மதியா இருப்பாரு."

"கொஞ்ச நாள்னா?" என்றாள் லோகநாயகி.

டாக்டர் கடிதத் தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "ஆரம்பத்திலேயே வந்திருந்தா பொழச்சிருப்பாருன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இது பொல்லாத நோய். ஆனா ஒரு வழி பாத்திருக்கலாம். மாசியில கண்ணு மஞ்சளாயிருக்கு. இத்தன நாளு என்ன பண்ணினீங்க?"

இருசம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எந் தப்புதான் சார்" என்றான் பூவராகன். கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தவன், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. "எங்க அக்கா மொதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச்சு. நாந்தான் ஊசிக்குப் பயந்துகிட்டு போவல."

டாக்டர் தலையை ஆட்டினார். "படிச்சவரு நீங்க. அக்கா சொன்னதக் கேட்டிருக்கலாம்." பிறகு இருசம்மாளைப் பார்த்து, "ஒங்க மேல குத்தம் இல்லம்மா" என்றார்.

பூவராகன் அக்காவைப் பார்த்தான். பேசாமல் இரு என்று கெஞ்சுகிற பார்வை. சின்ன வயசில் அவன் செய்த தப்பையெல்லாம் அவள் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள், இப்போது அவன் முறை என்று நினைத்தானோ என்னவோ. அவள் பேசாமல்தான் இருந்தாள். சீ, அந்த நேரத்திலும் அவளுக்குள் ஒரு மூலையில், டாக்டர் தன்னைக் குற்றம் சொல்லவில்லை என்று ஆறுதலாக இருந்தது. பிறகு அதை நினைத்து நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் கடிதம் எழுதட்டும் என்று வெளியே வராந்தாவுக்கு வந்தார்கள். பூவராகன் உள்ளேயே கிடந்தான். லோகநாயகி தூணில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. அவள் கத்தியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட இருசம்மாள் தாங்கியிருப்பாள்.

"அவரு ஒங்களக் காப்பாத்திட்டாரு அண்ணி" என்றாள் லோகநாயகி. "அவர யாரு காப்பாத்தறது?"

இருசம்மாள் அவள் காலில் விழப் போனாள். லோகநாயகி காலை நகர்த்திக்கொண்டு, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டாள்.

வேறு போக்கிடம் இல்லாமல் இருசம்மாள் மறுபடியும் டாக்டர் அறைக்குள் போனாள். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அவன் பொய் சொல்றாங்க" என்றாள். "ஆஸ்பத்திரிக்கு வேணாம்னு தடுத்தது நாந்தாங்க. இவன் பொண்டாட்டி மொதல் நாளே ஒங்ககிட்ட வரணும்னு சொன்னா. நாந்தான் விடல. நான் காமாலைக்கு மருந்து குடுக்கறவ. கீழாநெல்லி குடுத்து, கை கழுவி விட்டு, சாதுன்னு சொல்லி இத்தன நாளு வச்சிருந்தேன்."

"அக்கா" என்றான் பூவராகன் கட்டிலிலிருந்து. "விடுக்கா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்த மாதிரி, வலியில்லாம அரிப்போட வந்தவங்க, இவருக்கு முன்னாடி ஒங்ககிட்ட யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

அப்போதுதான் ஒவ்வொருத்தராக அவள் நினைவுக்கு வந்தார்கள். காடாம்புலியூரிலிருந்து முந்திரித் தோப்புக்காரர் ஒருத்தர், பலாப்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டு, வலியே இல்ல தாயி என்று சிரித்தவர். ஆரோக்கியம்மாள் என்று ஒரு டீச்சரம்மா, கையெல்லாம் சொறிந்த தழும்போடு வந்தவள், சாது என்று கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனவள். வேட்டி இடுப்பில் நிற்காமல் கயிறு போட்டுக் கட்டியிருந்த ஒரு வண்டிக்காரன். அவள் மலர்ந்த முகத்தோடு வழியனுப்பி வைத்தவர்கள்.

"வந்தாங்க" என்றாள்.

"அவங்கள்லாம் இப்ப எப்படி இருக்காங்க?"

இருசம்மாள் டாக்டரைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"தெரியலீங்களே. போக்கிரிக் காமாலக்காரங்க நல்லாயிட்டு தேங்கா பழத்தோட திரும்பி வருவாங்க. சாதுக் காமாலக்காரங்க ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல" என்றாள். "சீக்கிரமா நல்லாயிட்டாங்க, அதான் வரலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் சார்."